மட்டன் இல்லாத கோலா உருண்டை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

புரட்டாசி நெருங்கும்போது சைவக் கோலா பற்றிய கேள்விகள் குவிந்துவிடும். வந்தவற்றில் அதிகம் பேருக்கு உதவக்கூடியவற்றை எடுத்துக்கொண்டேன்.

மட்டன் கோலாவில் முட்டைகூடச் சேர்ப்பதில்லை, அப்படியே உருண்டு நிற்கிறது. வாழைக்காய் கோலா மட்டும் எண்ணெயில் விழுந்ததும் பிரிந்துபோகிறது. ஏன்? (மதுரை வாசகி)

கொத்துக்கறியில் உப்புப் போட்டு அரைக்கும்போது தசையிலுள்ள புரதம் கரைந்து பசையாக வெளியே வரும். எண்ணெய்ச் சூடு பட்டதும் அந்தப் பசை இறுகி உருண்டையைப் பிடித்துக்கொள்ளும். வாழைக்காயில் அந்த வசதி இல்லை. அதில் இருப்பது மாவுச்சத்து. தண்ணீர் அளவோடு இருந்தால் அது ஒட்டும், கூடினால் கொழகொழத்துப் பிரியும். சைவக் கோலா கெட்டுப்போவது பெரும்பாலும் தண்ணீரால்தான்.

வாழைக்காயைத் தோலோடு முக்கால் பதம் வேகவைத்து, நன்றாக ஆறியபின் தோலுரித்துத் துருவுங்கள். குழைய வேகவிட்டு மசித்தால் வேலை கெட்டது. தேங்காய், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், சோம்பு, கசகசா எல்லாவற்றையும் ஈரம் வற்றும்வரை வதக்கி, தண்ணீர் விடாமல் அரையுங்கள். பிறகு பொட்டுக்கடலைப் பொடி. ஏற்கெனவே வறுபட்ட பருப்பு என்பதால் ஈரத்தைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும், பச்சை வாசனையும் இருக்காது. நடுத்தரக் காய் இரண்டுக்குக் கால் கப் போதும். பிசைந்து பத்து நிமிடம் மூடி வையுங்கள், பொடி ஈரத்தைக் குடிக்க அந்த நேரம் வேண்டும்.

எண்ணெய் 170 முதல் 180 டிகிரி செல்சியஸில் இருக்கட்டும். ஒரே ஒரு உருண்டையைப் போட்டுப் பாருங்கள். அது பிரிந்தால் இன்னும் ஒரு கரண்டி பொடி சேர்க்கலாம். அதற்கு மேல் அள்ளிக் கொட்டினால் சாப்பிடுவது கோலா அல்ல, பொரித்த பொட்டுக்கடலை மாவு.

மைதா சேர்க்கலாமா? (சேலம்)

வேண்டாம். உள்ளே வேகாமல் பிசுபிசுக்கும்.

மீல்மேக்கரில் செய்தால் ஒரு வாடை. கடித்தால் சக்கையாகவும் இருக்கிறது. (கோவை வாசகர்)

சக்கையாக இருப்பதற்குக் காரணம் அது செய்யப்படும் விதம். சோயாவிலிருந்து எண்ணெயைப் பிரித்தபின் மிஞ்சும் மாவை, சூடும் அழுத்தமும் கொடுத்துச் சிறு துளை வழியே தள்ளிச் செய்வதுதான் மீல்மேக்கர். கொழுப்பு அநேகமாக இல்லாததால் சக்கைத்தன்மை. வாடை சோயாவின் பிறவிக் குணம்.

உப்புப் போட்ட கொதிநீரில் ஐந்து நிமிடம் வேகவிட்டு, குளிர்ந்த நீருக்கு மாற்றிப் பிழியுங்கள். தெளிந்த நீர் வரும்வரை இரண்டு மூன்று முறை அலசிப் பிழிய வேண்டும். பலரும் ஒருமுறை பிழிந்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். பிறகு மிக்ஸியில் விட்டு விட்டுச் சுற்றி, கொத்துக்கறி போல உதிரியாக எடுத்து, இஞ்சி பூண்டு விழுதோடு வாணலியில் புரட்டுங்கள். கொழுப்புக்குப் பதிலாகப் பத்துப் பன்னிரண்டு முந்திரியை அரைத்துச் சேர்த்து, ஒரு கரண்டி நல்லெண்ணெயும் விடுங்கள். சக்கைத்தன்மை போய்விடும். கடிக்கும்போது கறிக்கு மிக நெருக்கமாக வருவது, என் அனுபவத்தில், இதுதான்.

கோலா சாப்பிட்டால் மட்டன் அளவுக்குப் புரதம் கிடைக்குமா? (ஜிம்முக்குப் போகும் கல்லூரி மாணவர், திருச்சி)

எதில் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உலர்ந்த மீல்மேக்கர் 100 கிராமில் சுமார் 50 கிராம் புரதம் உண்டு. ஊறினால் எடை இரண்டு மூன்று மடங்காகும், எனவே தட்டில் இருப்பதை அப்படியே கணக்கிடாதீர்கள். பொட்டுக்கடலையில் 20 கிராம் அளவுக்கு இருக்கும். வாழைக்காய், வாழைப்பூ, பலாப்பிஞ்சு எல்லாம் ஓரிரண்டு கிராம்தான், அவற்றை ருசிக்காகவும் நார்ச்சத்துக்காகவும் சாப்பிடுங்கள். பி12 வைட்டமின் இவை எதிலும் இல்லை. பால், தயிர், முட்டை எதுவும் தொடாதவர் என்றால் அதை மாத்திரை மூலம் எடுக்க மருத்துவரிடம் கேளுங்கள்.

அக்கா, துபாயில் கசகசா கிடைக்காது. ஊரிலிருந்து கொண்டுவரச் சொல்லலாமா?

கண்டிப்பாகக் கூடாது! அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள், பையில் ஒரு சிறு பொட்டலம் இருந்தாலே சிக்கல். சிங்கப்பூர் போகிறவர்களும் கவனியுங்கள். முந்திரியோ வெள்ளரி விதையோ வறுத்து அரைத்தால் போதும். கோலாவின் மணம் முக்கியமாகச் சோம்பிலும் பட்டை கிராம்பிலும் இருக்கிறது.

வாழைப்பூ கோலா கறுத்துப்போகிறது. லேசான கசப்பு வேறு. (தஞ்சாவூர்)

நறுக்கியதும் காற்றுப் பட்டுக் கறுக்கும். புளிப்பு அதைத் தடுக்கும், அதனால் மோர் கலந்த நீரிலேயே நறுக்கிப் போடுங்கள். பூவின் நடுவே விறைப்பாக நீளும் கள்ளனையும் கண்ணாடி போன்ற செதிலையும் ஒவ்வொரு பூவிலிருந்தும் எடுத்தே ஆக வேண்டும், இதில் குறுக்குவழி கிடையாது. மஞ்சள் சேர்த்து அரைவேக்காடு வேகவைத்துப் பிழிந்தால் கசப்பு குறையும். துவர்ப்பு கொஞ்சம் இருக்கட்டும். அதுவும் இல்லையென்றால் வாழைப்பூவுக்கு என்ன வேலை?

டொரன்டோவில் டின்னில் பலாக்காய் கிடைக்கிறது. அதில் செய்யலாமா?

செய்யலாம். உப்பு நீரில் போட்ட பிஞ்சுக் காயாகப் பார்த்து வாங்குங்கள், சர்க்கரைப் பாகில் போட்டது பழம். அலசி, உப்புப் போகச் சற்று ஊறவைத்து, துணியில் கட்டி இறுக்கிப் பிழியுங்கள். நார் நாராக உதிர்வதால் பார்வைக்குக் கறி மாதிரியே இருக்கும். தானாக ஒட்டாது என்பதால் வேகவைத்த உருளைக்கிழங்கு ஒன்றைத் துருவிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பருப்பு உருண்டைக் குழம்பு வைத்தால் கடைசியில் பருப்புக் குழம்புதான் மிஞ்சுகிறது! (விருதுநகர்)

சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். கடலைப் பருப்பும் துவரம் பருப்பும் ஊறியபின் தண்ணீரை முழுக்க வடித்து, கொரகொரப்பாக, ஒரு சொட்டுத் தண்ணீரும் விடாமல் அரைக்க வேண்டும். மிக்ஸி சுற்றவில்லை என்று தண்ணீர் விடுவதில்தான் எல்லாம் கெடுகிறது. அதற்குப் பதில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு அரையுங்கள்.

பயமாக இருந்தால் இட்லிப் பானையில் எட்டுப் பத்து நிமிடம் ஆவியில் வேகவைத்துப் போடுங்கள், உடையவே உடையாது. ஆனால் நேராகக் குழம்பில் வெந்த உருண்டைதான் புளியையும் காரத்தையும் உள்ளே இழுக்கும், என் ஓட்டு அதற்கே. குழம்பு நீர்க்க இருந்து தளதளவென்று கொதிக்க வேண்டும். முதலில் ஒன்றைப் போட்டு, அது முழுசாக மேலே மிதந்து வந்தபின் மற்றதை இரண்டு மூன்றாகப் போடுங்கள். அதுவரை கரண்டி உள்ளே போகக் கூடாது. உருண்டை நீரைக் குடித்துக் குழம்பைக் கெட்டியாக்கிவிடும் என்பதால் தொடக்கத்திலேயே ஒரு டம்ளர் தண்ணீர் கூடுதலாக வையுங்கள்.

எண்ணெயில் பொரிக்காமல்? (சென்னை)

பணியாரக் கல். ஒரு குழிக்கு அரைக் கரண்டி எண்ணெய், மிதமான தீ. ஏர் ஃப்ரையரில் வெளியே வறண்டுவிடுகிறது, எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

கடையில் உறைந்த நிலையில் சைவக் கறி உருண்டைகள் வருகின்றன. வாங்கலாமா? (பெங்களூரு)

அவசரத்துக்கு வாங்கலாம். ஸ்வீடனின் மரச்சாமான் நிறுவனமான ஐகியா 2020-இல் பட்டாணிப் புரதம், ஓட்ஸ், உருளைக்கிழங்கு, வெங்காயம், ஆப்பிள் வைத்து ஸ்வீடன் இறைச்சி உருண்டைக்கு ஒரு தாவர வடிவம் கொண்டுவந்தது. இப்படிப்பட்ட தயாரிப்புகள் பலவற்றில் மீத்தைல் செல்லுலோஸ் என்ற பொருள் இருக்கும். சூட்டில் இறுகும், ஆறினால் இளகும். தட்டில் ஆறவிட்டுச் சாப்பிட்டால் சில உருண்டைகள் தொளதொளப்பது அதனால்தான்.

பொட்டலத்தின் பின்பக்கத்தில் உப்பின் அளவைப் பாருங்கள். பச்சைப் புள்ளி இருந்தால் சைவம் என்று மட்டுமே பொருள், பால் பொருள் இருக்கலாம். அதுவும் வேண்டாம் என்பவர்கள் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பச்சை ‘வி’ முத்திரையைத் தேடுங்கள், அதற்கான விதிகள் 2022-இல் வந்தன. வாங்கியதைப் பனி விடாமல் நேராக எண்ணெயில் போடுங்கள்.