புதிய ஆழ்துளைக் கிணற்றுக்கு முன் ஓர் இரவுச் சோதனை

வணக்கம். ஏப்ரல் பிறந்தாலே ஊராட்சி மோட்டார் இரண்டு மணி நேரத்தில் காற்றை இழுக்கிறது, 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி பாதிகூட நிரம்புவதில்லை, பக்கத்திலேயே இன்னொரு ஆழ்துளைக் கிணறு போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தயவுசெய்து அவசரப்படாதீர்கள். அருகருகே போட்டால் இரண்டும் பெரும்பாலும் ஒரே ஊற்றைத்தான் பங்கு போடும்.

முதலில் விநியோகக் குழாய்களில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். இரவு 11 மணிக்கு மோட்டாரை நிறுத்தி, தெருக்குழாய்கள், வீட்டுக்குழாய்கள் எல்லாவற்றையும் மூடச் சொல்லுங்கள். தொட்டியிலிருந்து ஊருக்குத் தண்ணீர் விடும் விநியோக வால்வு மட்டும் திறந்திருக்கட்டும். தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துவைத்து, விடியற்காலை 4 மணிக்கு மறுபடி பாருங்கள். தொட்டிக் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு இறங்கியிருந்தால், 3,000 லிட்டர் மண்ணுக்குள் போயிருக்கிறது! அடுத்தடுத்த இரவுகளில் ஒவ்வொரு தெரு வால்வாக மூடிப் பார்த்தால் உடைந்த இடம் அகப்படும்.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் 2018 வறட்சியில் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று வரம்பு வைத்ததோடு, குழாய்களில் அழுத்தத்தையும் குறைத்தது. அழுத்தம் தணிந்தால் கசிவும் தணியும்.

கிணற்றின் நீர்மட்டத்தை இந்த மாதம் முதலே அளந்து எழுதிவாருங்கள். இரவுச் சோதனையில் கிடைக்கும் அளவை இங்கே பதியுங்கள், சேர்ந்து கணக்கிடலாம்.