பேய்ப்படம் பத்தி கேளுங்க மக்ளே, தெரிஞ்சத சொல்லுதேன்

தொண்ணூறுகள்ல தக்கலை பக்கம் வீடியோ கேசட் வாடகைக்கு விட்டவன் நான், இப்ப அதே கடையில ரீசார்ஜும் ஜெராக்ஸும். நேத்து மழையில கடைக்கு ஆளு வரல்ல, சும்மா இருக்கதுக்கு பேய்ப்படம் பத்தி கேளுங்கன்னு சொன்னேன், இவ்வளவு பேரு கேப்பீங்கன்னு நெனைக்கல்ல. எல்லாம் எனக்க சொந்த கருத்துதான், சண்டைக்கு வரப்பிடாது.

கேள்வி (நாகர்கோவில் அக்கா): மணிச்சித்ரத்தாழா, சந்திரமுகியா?

பதில்: எடுத்த எடுப்புலயே வம்பு இழுக்கியளே அக்கா. 1993ல வந்த மணிச்சித்ரத்தாழ்தான், எனக்கு ரெண்டாவது பேச்சு கெடையாது. ஊர்ப்பாசம்னு சொன்னாலும் சரி, திருப்பூணித்துறை ஹில் பேலஸோட சேத்து நம்ம பத்மநாபபுரம் அரண்மனையிலயும் எடுத்த படமாக்கும். அங்க போயிருந்தா தெரியும், வெளிய வெயில் கொளுத்தும், செருப்ப கழத்திட்டு உள்ள கால் வச்சா சட்டுனு இருட்டு, காலுக்கு அடியில ஜில்லுன்னு கருப்புத் தரை, அது மினுங்குத மினுக்கத்துல நம்ம உருவமே தலைகீழா கூட வரும். அதுக்கு மேல பேயிக்கு மேக்கப் எதுக்கு? இத்தனைக்கும் அந்தப் படத்துல பேயே கெடையாது, மனசு நோயிதான்.

இன்னொண்ணு கவனிச்சியளா, மலையாளத்துல பேயா வாற நாட்டியக்காரி நாகவல்லி தமிழ் பேசுவா. 2005ல அதையே சந்திரமுகின்னு தமிழ்ல எடுத்தப்ப தெலுங்கு பேசுதா, 2007ல இந்தியில பெங்காலி. எந்த ஊர்ல எடுத்தாலும் பேயி வெளியூர்க்காரி! பாதி புரிஞ்சு பாதி புரியாத பாஷையில திட்டுனாதான் பயம் வரும்போல. நமக்கு தமிழும் மலையாளமும் பக்கத்து வீட்டு பாஷை, அதனாலயோ என்னவோ எனக்கு நாகவல்லிய பாத்து பயம் வந்ததவிட பாவமாத்தான் இருந்துது. அவளா நடிச்ச ஷோபனாவுக்கு தேசிய விருது சும்மாவா குடுத்தாவ.

கேள்வி: ஜம்ப் ஸ்கேர் பிடிக்குமா அண்ணே?

பதில்: திடீர்னு சத்தம் போட்டு துள்ள வைக்குததுதானே, பிடிக்காது. பொறத்தால நின்னு பட்டாசு போட்டா யாரானாலும் துள்ளத்தான் செய்வான், அது பயம் இல்ல, காது வலி. போன வருசம் ஒரு தியேட்டர்ல சவுண்ட கூட்டி வச்சு ரெண்டு நாள் காதுல கிய்ய்ன்னு கேட்டுட்டே இருந்துது, போய் கேட்டா படம் அப்படித்தான்னு சொல்லுதாவ.

கேள்வி (குளச்சல்): நான் கடல்ல போற ஆளு. சுறா படம் பாத்தா சிரிப்புதான் வருது, ஜாஸ் மட்டும் ஏன் அப்படி இல்ல?

பதில்: ஏன்னா அதுல சுறாவ சரியா காட்டவே இல்ல. 1975 படம், ஸ்பீல்பெர்க் மெஷின் சுறா செஞ்சு கடல்ல எறக்குனா உப்புத்தண்ணியில அது மக்கர் பண்ணிட்டே இருந்துருக்கு, வேற வழியில்லாம சுறாவோட முதுகுத் துடுப்பு, மஞ்ச பீப்பா, ரெண்டே ரெண்டு ஸ்வரத்துல ஒரு மியூசிக், இத வச்சே பாதிப் படத்த ஓட்டிட்டாரு. மெஷின் ஒழுங்கா ஓடியிருந்தா நீங்க அதுக்கும் சிரிச்சிருப்பீங்க. ராத்திரி வள்ளத்துக்கு அடியில என்னமோ ஒண்ணு இடிச்சிட்டு போனா எப்படி இருக்கும்னு நீங்கதான் எனக்கு சொல்லணும்.

கேள்வி (ஆரல்வாய்மொழி): காஞ்சனா, அரண்மனைன்னு எல்லாம் ஒரே கதை, ஒங்களுக்கு சலிக்கல்லியா?

பதில்: 2011ல வந்த காஞ்சனா எனக்கு பிடிக்கும், சரத்குமார் வாற பகுதி அருமை. அதுக்கு அப்புறம் வந்ததுல பாதி சலிச்சுப்போச்சு, பங்களா, கட்டிலுக்கு அடியில நாலு காமெடியன், பிளாஷ்பேக், கடைசியில கோயில். ஆனா அந்தக் கதை நம்ம கதைதான் கேட்டியா? அநியாயமா செத்த பொண்ணு திரும்பி வந்து பழி வாங்குவா, ஊரு பயந்து நடுங்கி சாமியாக்கி கும்பிடும். ஒங்க ஊருக்கு பக்கத்துல முப்பந்தல் இசக்கியம்மன் இருக்கா, அவளயும் நீலிங்குத யட்சியயும் ஒண்ணா வச்சு கதை சொல்லுவாவ, கோயில் கொடையில வில்லுப்பாட்டுல விடிய விடிய கேட்டிருப்பீங்க. நீலி வெத்தலைக்கு சுண்ணாம்பு கேட்டு வாற எடத்துல பாட்டுக்காரரு கொரல தாத்துவாரு பாருங்க, குடமும் நின்னுடும், பந்தல்ல ஒரு புள்ள இருமாது. அந்த எடத்துல ஒருத்தன் வேட்டி அவுந்து ஓடுனான்னு காமெடி வச்சா எப்படி இருக்கும்? அதான் எனக்க வயித்தெரிச்சல். கள்ளியங்காட்டு நீலின்னு சொல்லுதாவளே, அந்தக் கள்ளியங்காடு நாகர்கோவில் பக்கத்துல கெடக்கு, அந்த நீலிய 2025ல மலையாளத்துக்காரன் லோகான்னு சூப்பர் ஹீரோ படமா எடுத்து கல்யாணி பிரியதர்ஷன நடிக்க வச்சு அடிச்சு தூக்கிட்டான், நம்ம ஆளுவ இன்னும் பங்களா வாடகைக்கு தேடிட்டு திரியுதாவ.

கேள்வி (மார்த்தாண்டம் காலேஜ் பையன்): போன்லயே பேய் ஷார்ட் பிலிம் எடுக்கோம், கையில பைசா இல்ல, ஐடியா குடுங்க அண்ணே.

பதில்: பைசா இல்லன்னா நல்லதுதான் மக்ளே. 1978ல ஹாலோவீன் எடுத்த ஜான் கார்பெண்டர் கையில சுமார் 3 லட்சம் டாலர்தான், ஹாலிவுட்டுக்கு அது சாயாக்காசு. வில்லனுக்கு மாஸ்க் வேணும்னு கடையில கெடந்த, ஸ்டார் ட்ரெக்ங்குத விண்வெளி சீரியல்ல வாற கேப்டன் கிர்க் மாஸ்க்க வாங்கி, கண்ணு ஓட்டைய பெருசாக்கி வெள்ள பெயிண்ட் அடிச்சாவ, அவ்வளவுதான். மியூசிக்கும் அவரே போட்டுக்கிட்டாரு.

நீங்க குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு விடியக்காலம் மூணு மணிக்கு போங்க. ரப்பர் பால் வெட்டுத வெட்டுக்காரரு தலையில லைட்டு கட்டிட்டு மரம் மரமா போவாரு, ஆளு தெரியாது, வெளிச்சம் மட்டும் நிக்கும், நகரும், திரும்ப நிக்கும். தூரத்துல அப்படி மூணு வெளிச்சம் காட்டு, மூணு பேரு வெட்டுதாவன்னு முன்னாடியே சொல்லிடு. அப்புறம் ஒரு ஷாட்ல நாலு வெளிச்சம் வை. மியூசிக் போட்டு கெடுத்துடாத, எங்கயாவது கமுகம்பாளை விழுத சத்தம் மட்டும் போதும். எடுத்துட்டு எனக்கு அனுப்பு.

கேள்வி: ராத்திரி தனியா பாக்க ரெண்டு படம்?

பதில்: பூதகாலம், 2022, ரேவதி நடிச்சது. தமிழ்ல ஈரம், 2009, அதுல பேயி தண்ணி வழியாத்தான் வரும். பாத்துட்டு பைப்ப நல்லா அடைச்சிட்டு படுங்க.

கேள்வி: நீங்க பயந்த படம் ஒண்ணு சொல்லுங்களேன்.

பதில்: படத்தவிட கஸ்டமர பாத்துதான் பயந்திருக்கேன். ஈவில் டெட் கேசட்ட ஒருத்தரு சாயங்காலம் எடுத்துட்டு போனாரு, ஒரு நாள் வாடகை. ராத்திரி கடைய பூட்டப் போற நேரம், கரண்டும் இல்ல, ஷட்டர பாதி எறக்கியாச்சு, கீழ இடுக்கு வழியா ஒரு கை மட்டும் உள்ள வருது. நான் அலறுன அலறல்ல எதுத்த சாயாக்கடைக்காரரு ஓடி வந்துட்டாரு. கையில கேசட்டு. "அண்ணாச்சி, படம் பாத்தாச்சு, இத வீட்ல வச்சிட்டு என்னால ஒறங்க முடியாது"ன்னாரு. பாதி வாடகைய திருப்பி கேட்டாரு, குடுக்கல்ல.