உமிக்கரி போட்டுத் தேச்ச பல்லு, கிளீன் பண்ணுனா ஆடுமா?

கேள்வி: டாக்டர், நாங்க குலசேகரம் பக்கம். அப்பாக்கு 58 வயசு, ரப்பர் பால் வெட்டுக்குப் போறாங்க. சின்னதுலேந்து உமிக்கரிதான். இப்போ பால் விடாத கட்டஞ்சாயா குடிச்சாலே பல்லு கூசுது, துப்புனா ரத்தம் வருது. ஆஸ்பத்திரில கிளீன் பண்ணச் சொன்னாங்க, ஆனா கிளீன் பண்ணுனா பல்லு ஆடும்னு கூட வேலை செய்றவங்க பயங்காட்டுறாங்க. என்ன செய்ய?

பதில்: அந்த பயத்தை மொதல்ல பேசிருவோம், மார்த்தாண்டம் நாகர்கோவில்னு எங்கேந்து வந்தாலும் இதக் கேக்காம சேர்ல உக்காரமாட்டாங்க. அப்பாவை கீழ் முன்பல்லுக்க உள்பக்கம் நாக்கால தடவிப் பாக்கச் சொல்லுங்க, சொரசொரன்னு ஒரு திட்டு தட்டுப்படும். எச்சி ஊறுற குழாய் அந்த இடத்துக்குப் பக்கத்துலதான் திறக்குது, எச்சில உள்ள கால்சியம் பல்லுல படிஞ்ச அழுக்கோட சேந்து கல்லா இறுகிரும், வள்ளத்துக்க அடியில சிப்பி ஒட்டுன மாதிரி. அதுமேல இருக்குற கிருமியால ஈறு வீங்கும், ரத்தம் வரும், கவனிக்காம விட்டா உள்ள எலும்பு பைய கரையும். எலும்பு போனா பல்லு அப்பவே ஆட ஆரம்பிச்சாச்சு, நாலஞ்சு பல்லையும் கல்லு சேத்துக் கட்டி வச்சிருந்ததால தெரியல, அவ்வளவுதான். கல்லை எடுத்ததும் ஆட்டம் தெரியும், பழி எங்க தலையில.

கிளீன் பண்ணுன பிறகு பல்லுக்கு நடுவுல சந்து விழுந்த மாதிரி இருக்கும், கொஞ்சநாள் கூச்சமும் கூடும். அதுக்குப் பயந்து சிகிச்சையை நிறுத்திராதீங்க, வீக்கம் வத்துனா ஈறு இறுகும்.

இனி உமிக்கரி. எங்க வீட்லயும் உப்பும் நல்லமிளகும் சேத்துப் பொடிச்ச உமிக்கரி டப்பா இருந்துச்சு, அதைக் குறை சொல்ல எனக்கே மனசு வரல, ஆனா அது பல்லை வெளுக்க வைக்கிறதே உரசித்தான். அப்பாகிட்ட வெட்டுக் கணக்குலயே சொல்லுங்க: கத்தி பட்டையைத் தாண்டி ஆழமாப் போயி உள்தடியில பட்டா மரத்துக்குக் காயம்தானே, பட்டையாவது சில வருஷத்துல திரும்ப வளரும், பல்லுக்க மேல இருக்குற கெட்டித் தோடு, அதான் எனாமல், தேஞ்சா தேஞ்சதுதான். ஈறு இறங்குன இடத்துல வேர் வெளிய தெரியும், அங்க எனாமலே கிடையாது, சூடும் குளிரும் நேரா நரம்புக்குப் போவுது. கட்டஞ்சாயா கூசுறது அதனாலதான்.

அதனால சாஃப்ட் பிரஷ், டியூப்ல 1000 பிபிஎம் ஃப்ளோரைடுன்னு போட்டிருக்கிற பேஸ்ட். பிரஷை ஈறோரமா சாய்ச்சு வச்சு மெதுவா, ரெண்டு நிமிஷம், அறுக்குற மாதிரி இழுக்கக்கூடாது. காலத்தே நாலு மணிக்கு எழும்பி வெட்டுக்கு ஓடுறவங்க அவசரத்துல ஏனோதானோன்னு தேய்ப்பாங்க, பரவால்ல, ராத்திரி படுக்கப்போவும்போது ஒழுங்கா தேச்சாப் போதும்னு நான் சொல்லுவேன், தூங்கும்போது எச்சி குறையும், கிருமிக்குக் கொண்டாட்டம் அப்பத்தான். தேச்சதும் நுரையைத் துப்பினாப் போதும், தண்ணி விட்டு நல்லா கொப்பளிச்சா ஃப்ளோரைடும் கூடவே போயிரும். கூச்சத்துக்குன்னு உள்ள பேஸ்ட் வாங்குனா ரெண்டு மூணு வாரமாவது தொடர்ந்து போடணும், நாலு நாள்ல கேக்கலைன்னு தூக்கிப் போடாதீங்க.

ஒண்ணு கேக்க விட்டுட்டேன், அப்பாக்கு சுகர் பாத்தீங்களா? சுகர் கூடுனா ஈறு நோய் கூடும், ஈறு கெட்டா சுகரும் கட்டுக்குள்ள நிக்காது. வெத்தல பாக்கு போடுறவங்கன்னா, வாய் முன்ன மாதிரி திறக்குதான்னும் உள்ள வெள்ளைத் திட்டு இருக்கான்னும் பாத்துருங்க, ரெண்டு வாரமாகியும் ஆறாத புண்ணுன்னா கிளீனிங்குக்குக் காத்திருக்காம அன்னிக்கே காட்டணும்.

ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்குறாங்கன்னா நீங்களா நிறுத்தாதீங்க, சீட்டைக் கொண்டுபோய் காட்டுங்க. செலவுக்குப் பயந்தா உங்க குலசேகரத்துலயே பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, கொஞ்சம் நேரமாகும், பிள்ளைங்க சார்மாரு மேற்பார்வையில பொறுமையா செய்வாங்க. உமிக்கரி டப்பாவை அம்மாகிட்ட குடுத்துருங்க, மீன்சட்டி தேய்க்க ஆவும்.