முகம் உப்பியிருக்கிறது, கார்டிசால் குறைவாக இருக்கிறது: ஏன்?

மாத்திரையை நிறுத்தாதீர்கள், அம்மிணி. வரும் திங்கள்கிழமை முதல் எல்லா மாத்திரையையும் தூக்கிப் போட்டுவிடப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் ஓட்டுகிறீர்கள், ஆர்டர் நெருக்கினால் ஒன்றரை ஷிப்ட். முகம் உப்பி, வயிறு போட்டு, முடி கொட்டுகிறது, தூக்கம் போய்விட்டது. இது மன அழுத்தத்தால் கார்டிசால் என்ற ஹார்மோன் கூடி வரும் ‘கார்டிசால் முகம்’ என்று போனில் பார்த்த வீடியோ சொல்ல, நீங்களே லேபுக்குப் போய்க் காலை 8 மணிக்கு ரத்தம் கொடுத்தீர்கள். கார்டிசால் அளவு 1.2 என்று வந்தது. கூடியிருக்க வேண்டியது குறைந்திருக்கிறதே, மூளையில் கட்டியோ என்று இரண்டு வாரமாக அழுதுகொண்டிருக்கிறீர்கள்.

கட்டியைத் தேடி ஸ்கேன் எடுக்க இப்போது எந்தத் தேவையும் இல்லை. காரணத்தை நீங்களே கடைசி வரியில் எழுதிவிட்டீர்கள். முழங்கால் வலிக்கு ஒன்றரை வருடமாக மெடிக்கலில் செட் மாத்திரை, காலை ஒன்று, இரவு ஒன்று. அதிலிருக்கும் குட்டி மாத்திரை என்னவென்று கேட்டதற்கு ‘டெக்சா’ என்றார்கள்.

டெக்ஸாமெத்தசோன். கார்டிசால் செய்யும் வேலையையே பல மடங்கு வீரியத்தோடு செய்யும் ஸ்டீராய்டு. 0.5 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, உடம்பின் கணக்கில் சுமார் 13 மில்லிகிராம் கார்டிசாலுக்குச் சமம். ஆரோக்கியமான உடம்பு ஒரு நாள் முழுக்கச் சுரப்பதே 10 மில்லிகிராம் அளவுதான். நீங்கள் தினமும் இரண்டு சாப்பிடுகிறீர்கள். முகமும் வயிறும் உப்பியதற்கு ஒன்றரை ஷிப்ட் காரணமில்லை. இந்த மாத்திரைதான் காரணம்.

அப்படியானால் ரிப்போர்ட்டில் ஏன் 1.2? கார்டிசாலைச் சுரப்பவை சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள். அவற்றுக்கு உத்தரவு மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி என்ற சுரப்பியிலிருந்து வருகிறது. கோழி கூவும் முன்பே சுரப்பு ஏறத் தொடங்கும், எழுந்திருக்கும் நேரத்தில் உச்சம், நடுராத்திரியில் அடிமட்டம். ரத்தத்தில் ஏற்கெனவே ஸ்டீராய்டு நிறைந்திருப்பதைப் பார்த்த பிட்யூட்டரி உத்தரவு போடுவதை நிறுத்திவிட்டது. அட்ரீனல் தூங்கிப்போயிற்று. லேப் சோதனை உடம்பு சுரந்ததை மட்டும்தான் அளக்கும், மாத்திரையாகப் போன டெக்ஸாமெத்தசோனை அளக்காது. அதனால்தான் காலை 8 மணிக்கு உச்சத்தில் இருக்க வேண்டிய அளவு தரையில் கிடக்கிறது.

இப்போது திடீரென்று மாத்திரையை விட்டால் வெளியிலிருந்தும் வராது, உள்ளேயும் சுரக்காது. கார்டிசாலை ‘அழுத்த ஹார்மோன்’ என்று கெட்ட பெயர் வைத்துத் திட்டுகிறார்கள். அது இல்லாமல் உயிர் நிற்காது. பட்டினி கிடந்தால் கல்லீரலைச் சர்க்கரை தயாரிக்க வைப்பதும், ரத்த அழுத்தம் விழாமல் தாங்குவதும் அதுதான். காய்ச்சல், விபத்து, ஆபரேஷன் வந்தால் உடம்பு வழக்கத்தைவிடப் பல மடங்கு சுரந்து சமாளிக்கும். உங்கள் உடம்பால் இன்றைக்கு அது முடியாது.

ஆகவே ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து, வாந்தியில் மாத்திரை தங்காமல், எழுந்து நின்றால் தலை சுற்றிக் கண் இருட்டினால், ராத்திரி ஆனாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள், 108ஐக் கூப்பிடுங்கள். போனதும் முதல் வார்த்தையாக ‘ஒன்றரை வருடமாக ஸ்டீராய்டு சாப்பிடுகிறேன்’ என்று சொல்ல வேண்டும். ஹைட்ரோகார்டிசோன் (கார்டிசாலையே மருந்தாக்கியது) ஊசியும் சலைனும் ஏறினால் பிழைத்துக்கொள்ளலாம். பல்லடம் பக்கத்துத் தறிக்காரர் ஒருவரை எங்களிடம் நினைவில்லாமல் கொண்டுவந்தபோது, எந்த மாத்திரையும் சாப்பிடுவதில்லை என்றே வீட்டார் சாதித்தார்கள். வலிக்கு மெடிக்கலில் வாங்குவதை யாரும் மருந்தாகவே நினைக்கவில்லை. அவருடைய சட்டைப் பையில் மடித்திருந்த காகிதப் பொட்டலம்தான் காப்பாற்றியது. நீங்களும் ஒரு சீட்டில் மருந்தின் பெயரையும் எத்தனை மாதம் என்பதையும் எழுதிப் பர்ஸில் வையுங்கள்.

இந்த வாரமே கோவை அரசு மருத்துவமனையிலோ, உங்களுக்குத் தோதான இடத்திலோ ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். பொட்டலத்தையும் ரிப்போர்ட்டையும் கொண்டுபோங்கள். அதுவரை அதே அளவு, கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். மருந்தை மாற்றி, படிப்படியாக இறக்குவார்கள். தூங்கிய சுரப்பி விழிக்க மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு வருடம் தாண்டும். சர்க்கரை, பிரஷர், எலும்பு, கண் நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றித்தான் எழ முடிகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது வயசு இல்லை, ஸ்டீராய்டு தொடைத் தசையைக் கரைப்பதன் அடையாளம். மறக்காமல் சொல்லுங்கள்.

முடி கொட்டுவதை இப்போதைக்கு விடுங்கள். தூக்கம் கெட்டதில் இரவு மாத்திரைக்கும் பங்குண்டு. வீடியோ பார்த்து வாங்கிய அஸ்வகந்தா பொடியையும் ‘கார்டிசால் குறைக்கும்’ பானத்தையும் இன்றே நிறுத்துங்கள், 1.2ல் இருப்பதை இன்னும் எங்கே குறைப்பது?

டெக்சா சாப்பிட்ட மறுநாளே வலி பறந்துவிட்டது என்கிறீர்கள். உண்மைதான். 1948இல் அமெரிக்காவில், முடக்குவாதத்தால் நடக்க முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்கு இதே வகை ஸ்டீராய்டான கார்டிசோனை முதன்முதலாகக் கொடுத்தபோது சில நாட்களில் எழுந்து நடந்தார். 1950இல் அந்த ஆராய்ச்சிக்கு நோபல் பரிசும் கிடைத்தது. தொடர்ந்து கொடுத்தால் முகம் உப்பும் என்பதையும் அதே மருத்துவர்கள் சீக்கிரமே கண்டார்கள். மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத இந்த மருந்தை வெட்டிப் பொட்டலம் கட்டிக் கொடுப்பவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம். உங்கள் முழங்காலுக்கு என்ன வியாதி என்று இந்த ஒன்றரை வருடத்தில் ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை.

உங்கள் அத்தையும் அதே பொட்டலத்தில்தான் பங்கு வாங்குகிறார், அவருக்குச் சர்க்கரையும் இருக்கிறது என்கிறீர்கள். போகும்போது அவரையும் கூட்டிப்போங்கள். அவருடைய மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.