பில்ட் பத்திரிகையின் நடுநிலை

கேள்வி: ஜெர்மனியில் நாளிதழ்கள் எந்தக் கட்சியையும் எந்த முதலாளியையும் சாராமல் நடுநிலையாக வருகின்றனவாமே! அங்கே வேலை பார்க்கும் என் தம்பி மகன் சொல்கிறான். நம் பத்திரிகைகளுக்கு அந்தத் துணிச்சல் ஏன் இல்லை? (ஒரு வாசகர், தாராபுரம்)

பதில்: தம்பி மகன் கடையில் பில்ட் பத்திரிகையைப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். 'சுதந்திரமானது, கட்சிகளுக்கு அப்பாற்பட்டது' என்று தன் பெயருக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்ட பத்திரிகை அது. ஜெர்மனியில் அதிகம் விற்கும் நாளிதழும் அதுதான். 1980களில் 50 லட்சம் பிரதி போனது, இன்று சுமார் 10 லட்சத்துக்கு இறங்கிவிட்டது.

2021 தேர்தலுக்கு முன்னால் அதன் உரிமையாளரான ஆக்செல் ஸ்பிரிங்கர் நிறுவனத்தின் தலைவர் மத்தியாஸ் டோஃப்னர், பில்ட் ஆசிரியருக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார். தயவுசெய்து எஃப்.டி.பி. என்ற தாராளவாதக் கட்சிக்கு வலுச் சேருங்கள் என்று. கட்சிகளுக்கு அப்பாற்பட்ட லட்சணம் இது. 2023இல் அதையெல்லாம் வெளியே கொண்டுவந்தது ஹாம்பர்க் நகரத்து வார இதழ் டி சைட். ஒரு வீட்டு அழுக்கைப் பக்கத்து வீட்டுக்காரர் கொடியில் காயப்போட்டார். ஜெர்மன் பத்திரிகை உலகில் நான் மெச்சுவது இதைத்தான். நடுநிலை என்று நீங்கள் சொல்வதை நானும் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

சார்பை அங்கே யாரும் பெரிதாக ஒளிப்பதும் இல்லை. இஸ்ரேலுக்கு ஆதரவு, அமெரிக்க-ஐரோப்பிய உறவு, சந்தைப் பொருளாதாரம் என்று ஒரு கொள்கைப் பட்டியல் வைத்திருக்கிறது ஸ்பிரிங்கர். ஜெர்மனியில் அதன் பத்திரிகையாளர்களின் வேலை ஒப்பந்தத்திலேயே அது இருக்கிறது. பட்டியலின் வேர் 1967 வரை போகிறது. நாட்டின் தொழிலாளர் சட்டமும் பத்திரிகை நிறுவனத்தைச் 'சார்புள்ள நிறுவனம்' என்றே தனியாக வகைப்படுத்துகிறது. பத்திரிகையின் அரசியல் போக்கை முடிவு செய்யும் உரிமையாளரின் உரிமையில் ஊழியர் குழு தலையிட முடியாது. முதலாளியைச் சாராத பத்திரிகையாம்!

சமூக ஜனநாயகக் கட்சியான எஸ்.பி.டி.யின் முதலீட்டு நிறுவனத்துக்கு ஹனோவர் நகரத்து மாட்சாக் பத்திரிகைக் குழுமத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கிறது. அதைக் கட்சி தன் வரவுசெலவு அறிக்கையில் காட்டியாக வேண்டும் என்பது சட்டம். மறைக்க வழியில்லை, அவ்வளவுதான்.

மற்றவர்களையும் பாருங்கள். முனிச்சின் சூட்டாய்ச்ச சைட்டுங் இடதுபக்கம் சாய்ந்த தாராளவாதி. 1945 அக்டோபரில் அமெரிக்க ராணுவ நிர்வாகத்தின் உரிமம் வாங்கிப் பிறந்த பத்திரிகை. ஹிட்லரின் புத்தகத்தை அச்சடித்த ஈயத்தை உருக்கித்தான் அதன் முதல் இதழுக்கு அச்சுத்தகடு வார்த்தார்களாம். பத்திரிகைக்கு இதைவிட நல்ல ஜாதகம் அமையாது. ஃபிராங்க்ஃபர்ட்டின் எஃப்.ஏ.இசட். பழமைவாதப் பெரியவர். பெரும்பங்கு ஒரு அறக்கட்டளையிடம் இருக்கிறது. தலைமை ஆசிரியர் என்று ஒருவர் கிடையாது, சிலர் கூட்டாக நடத்துகிறார்கள். முதல் பக்கத்தில் படம் போடுவதற்கே 2007 வரை கூச்சப்பட்டவர்கள். பெர்லினின் டாட்ஸ் இடதுசாரி. ஆயிரக்கணக்கான வாசகர்கள் பங்கு போட்டு நடத்தும் கூட்டுறவுப் பத்திரிகை. 1968இல் மாணவர் தலைவர் ரூடி டுச்கே சுடப்பட்டபோது, மாணவர்களைத் தாக்கியே எழுதிவந்த பில்டும் சேர்ந்துதான் சுட்டது என்று மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். நாற்பது ஆண்டு கழித்து, டாட்ஸ் விடாமல் போராடி, ஆக்செல் ஸ்பிரிங்கர் தெருவில் வந்து முட்டும் தெருவுக்கு டுச்கேயின் பெயரை வைக்கச் செய்தது. பகையைத் தெருப்பலகை வரைக்கும் கொண்டுபோனவர்கள்! அந்த டாட்ஸ், 2025 அக்டோபரோடு வாரநாள் அச்சுப் பதிப்பை நிறுத்திவிட்டது. வார இறுதி இதழ் மட்டும்தான் இப்போது காகிதத்தில்.

இவை எல்லாம் வெளியூருக்குத் தெரிந்த பெயர்கள். சராசரி ஜெர்மானியர் வீட்டுக் கதவடியில் காலையில் கிடப்பது உள்ளூர்ச் சந்தாப் பத்திரிகை. நகரசபைச் செய்தி, கால்பந்து, மரண அறிவிப்பு எல்லாம் அதில்தான். வம்பும் அங்கேதான் இருக்கிறது. கிழக்கு ஜெர்மனியில் ஆளுங்கட்சி மாவட்டந்தோறும் நடத்திய பத்திரிகைகளை, நாடு ஒன்றானதும் மேற்கத்திய நிறுவனங்கள் அப்படியே வாங்கிக்கொண்டன. கெம்னிட்ஸின் ஃபிரையே பிரஸ்ஸே, லுட்விக்ஸ்ஹாஃபனைச் சேர்ந்த பத்திரிகை நிறுவனத்துக்குப் போனது. அன்றைய சான்ஸலர் ஹெல்முட் கோலின் சொந்த ஊரும் லுட்விக்ஸ்ஹாஃபன்தான். இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. மேற்கோ கிழக்கோ, இன்று பல மாவட்டங்களில் உள்ளூர் நாளிதழ் ஒன்றே ஒன்று. அங்கே அழுக்கைக் காயப்போடப் பக்கத்து வீடே இல்லை.

துணிச்சல் ஏன் இல்லை என்று எங்களைக் கேட்டீர்கள். முதலாளி யார், அவருக்கு எந்தக் கட்சி மீது பிரியம் என்பதை முதல் பக்கத்தில் போடும் துணிச்சல் எங்களில் பலருக்கு இல்லைதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆமாம், தம்பி மகன் எந்த ஊரில் இருக்கிறார் என்று எழுதவில்லையே? ஒரே பத்திரிகை வரும் ஊராக இருந்தால், அது நடுநிலையாகத்தான் தெரியும்.