கையெழுத்து இல்லாத கணக்கு

அன்புள்ள ஐயா,

வணிகச் சட்டம் பொருளாதார வளர்ச்சிக்கு எப்படி உதவுகிறது என்று பல்கலைக்கழகத்தில் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். உலக வங்கியின் தொழில் செய்ய எளிதான நாடுகள் பட்டியலில் மலேசியா 12ஆம் இடத்தில் இருந்ததாகப் படித்தேன். ஆனால் கொண்டோ வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டும் என் அப்பாவுக்கு, மெயின் கண்ட்ராக்டர் இரண்டு வருடமாக 18,000 ரிங்கிட் பாக்கி. எழுத்தில் எதுவும் இல்லை. காகிதம் கேட்டால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடுமாம். சட்டம் பெரிய கம்பெனிகளுக்கு மட்டும்தானா?

கவிதா, செந்தூல்

அன்புள்ள கவிதா,

பட்டியலை விடுங்கள். அந்த அறிக்கையை உலக வங்கியே 2021இல் நிறுத்திவிட்டது. அந்நிய முதலீடு பற்றியெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கும். கடிதத்தைப் படித்ததும் என் மனம் உங்கள் அப்பாவிடம்தான் போனது.

என் தாய்மாமா வயரிங் வேலை செய்தார். சட்டைப் பையில் எப்போதும் 555 என்ற ஒரு சின்னக் கணக்குப் புத்தகம். எந்த மாடி, எத்தனை பாயிண்ட், எவ்வளவு பாக்கி, எல்லாம் பென்சிலில் குறித்திருப்பார். பணம் தர வேண்டியவரின் கையெழுத்து ஒரு பக்கத்தில்கூட இருக்காது. 'எனக்கு வந்தால் உனக்குத் தர்றேன்' என்றே ஒரு கண்ட்ராக்டர் இழுத்தடித்தார். அத்தையின் சங்கிலியை அடகு வைத்து ஆட்களுக்குக் கூலி கொடுத்தார் மாமா. அப்புறம் தெரிந்தவர்கள் தரும் வேலைக்கு மட்டும்தான் போனார். தொழில் அங்கேயே நின்றுவிட்டது. முன்பின் தெரியாதவரிடமும் துணிந்து வேலை எடுக்க முடிந்தால்தான் சின்னத் தொழில் வளரும். அந்தத் துணிச்சலைத் தர வேண்டியது சட்டம்.

தரவும் செய்கிறது. கட்டுமானத் துறையில் பணம் வசூலிப்பதற்கென்றே 2012இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பில் இருக்கிறது. 'எனக்கு வந்தால் தருகிறேன்' என்ற நிபந்தனை செல்லாது என்கிறது அதன் 35ஆம் பிரிவு. பாக்கி விவகாரத்தை இந்தச் சட்டப்படி ஒரு நடுவரிடம் கொண்டுபோனால், இரு தரப்பும் எழுத்தில் வாதத்தை வைத்த பிறகு 45 வேலை நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் எழுத்தில் போட்ட ஒப்பந்தம் இருந்தால்தான் இந்த வழி திறக்கும்.

காகிதம் கேட்பது அவமானமா? சம்பந்தம் பேசி முடித்ததும் லக்னப் பத்திரிகை எழுதி ஊரறிய வாசிக்கிறோமே, எந்தச் சம்பந்தியாவது கோபித்துக்கொண்டாரா? அப்பாவுக்குத்தான் கூச்சம் என்றால், சட்டம் படிக்கும் நீங்கள் வீட்டில் இருந்து என்ன பயன்? அடுத்த வேலைக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்: என்ன வேலை, என்ன விலை, எப்போது பணம், இரண்டு கையெழுத்து. சோறு ஆறுவதற்குள் எழுதி முடித்துவிடலாம். வெயிலில் முட்டி தேய வேலை செய்கிற மனுஷனுக்கு இதைக்கூடச் செய்யாமல் யாருக்காகக் கட்டுரை எழுதுகிறீர்கள்?

பழைய பாக்கியும் போய்விடவில்லை. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான், நிரூபிப்பதுதான் பெரும்பாடு. வழக்குப் போட ஆறு ஆண்டு வரை அவகாசம் உண்டு. முன்பணம் வந்த வங்கிச் சீட்டு, டைல்ஸ் இறக்கிய ரசீது, வேலையிடத்துப் படங்கள் எல்லாவற்றையும் திரட்டி ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அதுவரை அப்பா போனில் கெஞ்ச வேண்டாம். பாக்கித் தொகையைக் குறிப்பிட்டு வாட்ஸ்அப்பில் கேட்கச் சொல்லுங்கள். 'அடுத்த மாசம் தர்றேன்' என்று அந்த ஆள் பதில் போட்டால், அதை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.