மான் வேட்டைக்கு ரிவால்வர்: .44 போதுமா, .500 வேண்டுமா?

அமெரிக்காவில் வேட்டைக் காலம் நெருங்கும்போது வரும் துப்பாக்கிக் கேள்விகளில் பெரிய காலிபர் (குண்டின் விட்டம்; .44 என்பது அங்குலக் கணக்கு) ரிவால்வர் பற்றியவற்றை மட்டும் இங்கே சேர்த்திருக்கிறோம். தூரத்தைக் கஜத்திலும், குண்டின் எடையை கிரெயினிலும் (ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம்), வேகத்தை வினாடிக்கு அடியிலும், குண்டின் ஆற்றலை அடி-பவுண்டிலும் சொல்கிறோம். அங்கே வழக்கத்தில் இருப்பவை இவைதான்.

கேள்வி: டெக்சஸில் ரைபிளில் மான் வேட்டையாடிப் பழக்கம் உண்டு. இந்த முறை ரிவால்வரில் முயல ஆசை. கடைக்காரர் .500 ஸ்மித் அண்ட் வெஸன் மேக்னத்தை எடுத்துக் காட்டி, "பெரிசாவே வாங்கிடுங்க, பின்னால மாத்த வேண்டாம்" என்கிறார். வாங்கலாமா?

மானுக்கு வேண்டாம். கரடி, எருமை என்றால் வேறு பேச்சு. .500 மேக்னத்தின் முழு வேகத் தோட்டா குழல் வாயில் 2,500 அடி-பவுண்டு ஆற்றலைத் தாண்டும். .44 மேக்னத்தில் 240 கிரெயின் குண்டு 1,350 அடி வேகத்தில் கிளம்பினால் சுமார் 970 அடி-பவுண்டு. நூறு கஜத்தில் அது 620 வாக்கில் நிற்கும். வெள்ளைவால் மானின் நெஞ்சுக் கூட்டில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற அதுவே போதும். மீதி ஆற்றல் மானுக்குப் பின்னால் இருக்கும் மண்ணுக்குத்தான் போகிறது.

ஆனால் உதைப்பு முழுவதும் உங்கள் மணிக்கட்டுக்கு வருகிறது. .500இல் பத்துக் குண்டு சுட்டபின் பெரும்பாலானவர்களுக்கு விசையை இழுக்கும் முன்பே கை இறுகிக் குழல் கீழே குத்த ஆரம்பித்துவிடும். இந்தப் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் விடுவிக்க மாதக்கணக்காகும். ரிவால்வர் வேட்டையில் மானைத் தவறவிடுவதற்கும், அதைவிட மோசமாக அடிபட்ட மானைப் புதரில் தொலைப்பதற்கும் சக்திக் குறைவு அரிதாகவே காரணம். குறி பிசகுவதுதான் காரணம்.

மற்ற காலிபர்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1935இல் வந்த .357 மேக்னம் மானை வீழ்த்தும், ஆனால் விளிம்பில் நிற்கிற தோட்டா அது. கொலராடோவில் கைத்துப்பாக்கித் தோட்டா 50 கஜத்தில் 550 அடி-பவுண்டு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. வழக்கமான 158 கிரெயின்.357 அங்கே தேறாது. .41 மேக்னம் அருமையான தோட்டா, கடையில் கிடைப்பதுதான் பாடு. .45 கோல்ட் 1873ஆம் ஆண்டுச் சரக்கு என்றாலும் ரூகர் பிளாக்ஹாக் போன்ற கனமான ரிவால்வரில் அதை .44 மேக்னத்துக்கு இணையாக ஏற்றலாம். "ரூகருக்கு மட்டும்" என்று அச்சிட்ட அந்தப் பெட்டியைப் பழைய கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷனிலோ அதன் நகலிலோ போட்டால் சிலிண்டர் (தோட்டாக்கள் உட்காரும் சுழல் உருளை) வெடிக்கலாம். .454 கசூலும், 2005இல் வந்த .460 ஸ்மித் அண்ட் வெஸனும் நீண்ட தூரத்துக்கு நல்லவை. இரண்டிலும் .45 கோல்ட்டையும் சுடலாம் என்பது பயிற்சிக்கு வசதி. ஆனாலும் முதல் வேட்டை ரிவால்வராக இவற்றை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: .44 என்று முடிவு செய்துவிட்டேன். சிங்கிள் ஆக்‌ஷனா, டபுள் ஆக்‌ஷனா? குழல் எத்தனை அங்குலம்? எந்த மாடல்?

முதல் வகையில் ஒவ்வொரு குண்டுக்கும் சுத்தியலைக் கையால் பின்னிழுக்க வேண்டும்; இரண்டாவதில் விசையை இழுத்தாலே போதும். ஆனால் மானைச் சுடும்போது எந்த ரிவால்வரானாலும் சுத்தியலைப் பின்னால் இழுத்து வைத்துத்தான் சுடப்போகிறீர்கள். டபுள் ஆக்‌ஷனில் கிடைக்கும் கூடுதல் வசதி, சிலிண்டர் வெளியே சாய்ந்து சுட்டுமுடித்த ஆறு கேஸும் (தோட்டாவின் வெற்று உலோகக் கூடு) ஒரே தள்ளில் வெளிவருவது. சிங்கிள் ஆக்‌ஷனில் ஒவ்வொன்றாகத் தள்ளி எடுக்க வேண்டும். மர மேடையில் உட்கார்ந்து ஒரு மானுக்குக் காத்திருப்பவருக்கு அது குறையே இல்லை, விலையும் குறைவு.

மூன்று மாடல்களைக் கையில் பிடித்துப் பாருங்கள். ரூகர் சூப்பர் பிளாக்ஹாக் ஹன்ட்டர்: 7.5 அங்குலக் குழல், ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு, குழலின் மேல் விலாவிலேயே ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வளையம் பூட்டக் குழி வெட்டியிருக்கும். ரூகர் சூப்பர் ரெட்ஹாக்: டபுள் ஆக்‌ஷன், 7.5 அங்குலத்தில் ஒன்றரைக் கிலோ, ஸ்கோப் வளையம் சட்டகத்தின் மேலேயே உட்காரும். ஸ்மித் அண்ட் வெஸன் 629: மூன்றிலும் இதன் விசைதான் வழவழப்பு, ஆனால் ஆறு அங்குல மாடல் 1.3 கிலோதான் என்பதால் கையை அதிகம் அடிக்கும். வேட்டைக்கு மட்டும் என்றால் எங்கள் ஓட்டு சூப்பர் ரெட்ஹாக்கிற்கு. இடுப்பில் தொங்கவிட்டு மலை ஏறுகிறவர் 629ஐ எடுக்கலாம்.

சூப்பர் பிளாக்ஹாக்கில் ஒன்றைக் கவனிக்கவும். விசைக் காப்பின் பின்பக்கம் சதுரமாக வரும் மாடல்களில் உதைப்பின்போது நடுவிரல் மூட்டில் அடி விழும். பிஸ்லி என்னும் வேறு வடிவப் பிடி உள்ள மாடலில் இந்தத் தொல்லை குறைவு.

குழல் 7.5 அங்குலம் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு அங்குலக் குழலில் வேகமும் போகும், திறந்த குறிமுனைகளுக்கு இடையே உள்ள தூரமும் குறையும். சட்டமும் உண்டு: ஒஹாயோவில் மானுக்குக் குறைந்தது 5 அங்குலக் குழல், .357 அல்லது அதற்கு மேற்பட்ட நேர்ச்சுவர்த் தோட்டா (கேஸின் கழுத்து குறுகாதது) என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். வாங்குமுன் உங்கள் மாநில வேட்டைக் கையேட்டில் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

வாயில் துளையிட்ட குழல் தேவையா என்றும் பலர் கேட்கிறார்கள். துள்ளல் குறையும், சத்தம் கூடும். துளையில்லாத .44 மேக்னமே 160 டெசிபலைத் தொடும். பயிற்சியில் மட்டுமல்ல, வேட்டையிலும் மின்னணுக் காதுக் காப்பு போட்டே ஆக வேண்டும். மெல்லிய சருகுச் சத்தத்தை அது பெருக்கியும் தரும்.

கேள்வி: ஸ்கோப் போடலாமா, ரெட் டாட் போதுமா?

ஐம்பது கஜத்துக்குள் ரெட் டாட் (கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் குறிபார்வை). கண்ணை எங்கே வைத்தாலும் புள்ளி தெரியும், எடை குறைவு. வேட்டைக்கு முந்தைய நாள் அதன் மின்கலத்தை மாற்றிவிடுங்கள். நூறு கஜம் வரை போகும் எண்ணம் இருந்தால் உருப்பெருக்கம் மாறாத 2 மடங்கு ஸ்கோப்போ, குறைந்த பட்சம் 2 மடங்கில் தொடங்கும் மாறும் ஸ்கோப்போ. கைத்துப்பாக்கிக்கென்றே செய்த, நீட்டிய கையில் பிடித்தாலும் முழுப்படம் தெரியும் வகைதான் வேண்டும். ரைபிள் ஸ்கோப்பை மாட்டினால் கருப்பு வட்டம்தான் தெரியும். மலிவு ஸ்கோப் .44இன் உதைப்பில் உள்ளே கலகலத்துப் போகும். வளையத் திருகுகளை நீல நிறத் திருகுப் பசையிட்டு, டார்க் திருப்புளியால் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள். குறி திடீரென நகர்ந்தால் முதலில் இந்தத் திருகுகளைத்தான் பார்க்க வேண்டும்.

240 கிரெயின் குண்டுக்கு 50 கஜத்தில் குறி நேர் செய்தால் 100 கஜத்தில் ஐந்தாறு அங்குலம் கீழே விழும். மானின் உயிர்ப்பகுதி சுமார் எட்டு அங்குல வட்டம் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். எத்தனை கஜம் வரை சுடலாம் என்பதை மேசையில் மணல் மூட்டைமேல் வைத்துப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. தரையில் உட்கார்ந்து, முழங்கால் மேலோ ஊன்றுகோல் மேலோ கையை வைத்து, ஆறு அங்குலத் தாள் தட்டில் ஆறுக்கு ஆறு விழுகிற தூரமே உங்கள் எல்லை. பலருக்கு அது 50 கஜத்திலேயே முடிந்துவிடும். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கேள்வி: எந்தத் தோட்டா? விலை மலைப்பாக இருக்கிறதே!

வேட்டைக்கு 240 கிரெயின். ஹார்னடி எக்ஸ்டிபி, ஃபெடரல் ஃப்யூஷன் இரண்டும் மானுக்குச் சரி. தற்காப்புக்கென விற்கும் 180, 200 கிரெயின் குழிமுனைக் குண்டுகள் சீக்கிரம் விரிந்து தோள் எலும்பிலேயே நின்றுபோகும். தட்டை முனையுள்ள கடின ஈய வார்ப்புக் குண்டு அதிகம் விரியாது, ஆனால் ஊடுருவி வெளியேறும். இரண்டு துளை இருந்தால் ரத்தத் தடம் பிடிப்பது எளிது. கலிபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது, செம்புக் குண்டுதான்.

பயிற்சிக்கு உதைப்பு குறைந்த .44 ஸ்பெஷல் தோட்டா வாங்குங்கள், அதே ரிவால்வரில் உட்காரும். கேஸ் குட்டை என்பதால் அறையின் உள்ளே ஒரு கரி வளையம் படியும். துடைக்காமல் விட்டால் பிறகு மேக்னம் கேஸ் சிக்கும். ரிவால்வர் ஆயிரம் டாலரைத் தாண்டும்போது தோட்டாவில் மிச்சம் பிடிக்கிறவர்கள் உண்டு. நாங்கள் தலைகீழாகச் சொல்வோம்: ரிவால்வரைப் பழையதாக வாங்கி, மிச்சத்தைத் தோட்டாவில் போடுங்கள்.

புதுப் பெட்டி வாங்கியதும் ஒரு சோதனை. ஆறு நிரப்பி ஐந்தைச் சுடுங்கள். ஆறாவதை எடுத்துக் காலிப்பர் என்னும் அளவுக் கருவியால் நீளம் அளந்து, சுடாத வேறொன்றோடு ஒப்பிடுங்கள். நீண்டிருந்தால், உதைப்பில் குண்டு கேஸிலிருந்து முன்னால் நகர்கிறது என்று பொருள். இன்னும் நகர்ந்தால் சிலிண்டரைத் தாண்டி நீட்டிச் சுழலவிடாமல் பூட்டிவிடும். கேஸ் வாயை இறுக்கமாக மடிக்காத தோட்டாவிலும், எடை குறைந்த ரிவால்வரிலும் இது நடக்கும்.

கேள்வி: பழையது வாங்கும்போது எதைப் பார்ப்பது?

விற்பவரிடம் அனுமதி கேட்டு, முதலில் சிலிண்டர் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். பிறகு ஒரு விரலை சிலிண்டர் மேல் லேசாக உராயவிட்டு, சுத்தியலை மெதுவாகப் பின்னால் இழுங்கள். சுத்தியல் முழுதாக நிற்பதற்குள் சிலிண்டர் பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் செய்யுங்கள். ஒன்றில் பூட்டாவிட்டாலும், குண்டு குழலுக்குள் நேராக நுழையாமல் விளிம்பைச் சீவும்.

அடுத்து சிலிண்டருக்கும் குழலுக்கும் இடைவெளி. தகட்டளவி (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) ஒன்று கையோடு எடுத்துப் போங்கள். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கிலிருந்து எட்டு வரை நல்லது. பத்தைத் தாண்டினால் விட்டுவிடுங்கள். சிலிண்டரைப் பின்னால் தள்ளி ஒருமுறை, முன்னால் தள்ளி ஒருமுறை அளந்தால் வித்தியாசமே அதன் முன்பின் ஆட்டம். அது ஆயிரத்தில் மூன்றுக்கு மேல் போனால் வாஷர் போடும் வேலை இருக்கிறது, விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

சுத்தியலைப் பின்னிழுத்து நிறுத்தி, விசையைத் தொடாமல் கட்டை விரலால் முன்னால் தள்ளுங்கள். விழுந்தால் யாரோ விசையை அரத்தால் இளக்கியிருக்கிறார்கள். அதைக் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். குழலின் பின்வாயில் விரிசல் இருந்தாலும் அப்படியே. மேல் பட்டையில் சுடர் அரித்த மெல்லிய கீறலைக் கண்டு பயப்பட வேண்டாம். பெரும்பாலும் ஓரளவோடு நின்றுவிடும். திருகுத் தலைகள் சிதைந்திருந்தால் தெரியாத கை உள்ளே புகுந்திருக்கிறது.

1973க்கு முந்தைய ரூகர் சிங்கிள் ஆக்‌ஷனில் சுத்தியல் தவறுதலாக அடிபட்டால் வெடிப்பதைத் தடுக்கும் இடைத்தண்டு கிடையாது. ஐந்து மட்டும் நிரப்பி, சுத்தியலை வெற்று அறைமேல் வைக்க வேண்டும்.

வாங்கிய பிறகும் ஒன்று: எந்த ரிவால்வரானாலும் சிலிண்டரின் முன்பக்கம் விரல் போகக்கூடாது. அந்த இடைவெளியில் பீறிடும் வாயு .460, .500 போன்றவற்றில் விரலையே துண்டாக்கும். ரைபிள்காரர்கள் பழக்கத்தில் இடது கையை முன்னால் நீட்டுவார்கள்.

கேள்வி: எச்-1பி விசாவில் இருக்கிறேன். எனக்கு விற்பார்களா?

பொது விதிப்படி, குடியேற்றமில்லா விசாவில் இருப்பவர் துப்பாக்கி வாங்கவும் வைத்திருக்கவும் கூட்டரசுச் சட்டம் தடை செய்கிறது. விதிவிலக்குகளில் ஒன்று, ஏதாவதொரு மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம். கடையில் 4473 படிவம் (துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் கூட்டரசுப் படிவம்) நிரப்பும்போது உரிமத்தின் நகலையும் ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு) எண்ணையும் கொடுக்க வேண்டும். எச்-4 (சார்ந்தோர்) விசாவில் இருக்கும் துணைவருக்கும் இதே விதி. கிரீன் கார்டு இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை.

பலர் கோட்டை விடுவது உரிமத்தின் கடைசித் தேதியில். உரிமம் காலாவதியான மறுநாளே, வீட்டில் அந்த ரிவால்வரை வைத்திருப்பதே குற்றமாகிவிடும். சீசன் முடிந்தாலும் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், அதுவும் நீங்கள் வசிக்கும் மாநிலத்தில்தான். வேறு மாநிலத்தில் பிடித்துப்போனால், உங்கள் ஊர்க் கடைக்கு அனுப்பச் சொல்லி அங்கே படிவம் நிரப்பிப் பெறலாம். கிரீன் கார்டு வைத்திருக்கும் நண்பரின் பேரில் வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்காதீர்கள்: படிவத்தின் முதல் கேள்விகளில் ஒன்றே "உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா" என்பது. அதில் பொய் சொன்னால் சிறைத் தண்டனை நண்பருக்கு வரலாம், உங்கள் விசாவும் பறிபோகலாம்.